எஞ்சின் இல்லாத காரின் வேகம்

கார்களைப் படம் எடுக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் சைஸ் படம், காதுகுத்து, வளைகாப்பு, இவ்வளவுதான் என் தொழில். ஒரு ஆடி மாதம் அதுவும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, மன்னார்புரத்தில் பழைய கார் வாங்கி விற்பவர் ஒருவர் படியேறி வந்தார். தன் இடத்தில் நிற்கும் வண்டிகளை எல்லாம் படம் எடுத்துத் தர முடியுமா, இணையத்தில் போட்டு விற்க வேண்டும் என்றார். காதுகுத்துக் குழந்தைகளைவிடக் கார் எளிது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். கார் அழாது, ஓடாது, நிறுத்திய இடத்தில் நிற்கும்.

முதல் கார் கறுப்பு. நன்றாகத் துடைத்து மெழுகு போட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிரே போய் நேராக நின்று எடுத்தேன். படம் இணையத்துக்குப் போன மறுநாள் கரூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாராம். அவருடைய கணவர் அந்தக் காரை வாங்க ஆசைப்பட்டிருக்கிறார்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. அந்தக் கதவுல மஞ்சள் சுடிதார் போட்டுக்கிட்டு, ஒத்தைக் கண்ணை மூடி, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

"அது போட்டோ எடுக்கிறவங்கங்க."

"அவங்க வண்டியோட வருவாங்களா?"

கார் விற்பவர் இதை என்னிடம் சிரிக்காமல் சொன்னார். அன்றுதான் கார் என்பது நான்கு சக்கரம் வைத்த கண்ணாடி என்று எனக்குப் புரிந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். நேர் எதிரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். கறுப்பு உடை உடுத்த வேண்டும். போலரைசர் என்று ஒரு ஃபில்டர் உண்டு, லென்ஸில் மாட்டி மெதுவாகத் திருப்பினால், கண்ணாடியிலும் கதவிலும் மின்னும் எதிரொளி அடங்கிவிடும். உச்சி வெயிலில் எடுத்தால் பானெட் வெள்ளைத் தட்டாகிவிடும், ஆகையால் காலையிலோ மாலையிலோ எடுக்க வேண்டும். முன் சக்கரத்தைக் கொஞ்சம் ஒடித்து வைத்தால் ரிம் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேமரா ஹெட்லைட்டின் உயரத்துக்கு இறங்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் எப்பேர்ப்பட்ட காரும் சோப்பு டப்பா மாதிரிதான் இருக்கும்.

அப்படி இறங்கும் முயற்சியில்தான் ஒரு மாலை மன்னார்புரம் சாலையோரத்தில் குப்புறப் படுத்தேன். இரண்டு படம்கூட எடுத்திருக்க மாட்டேன். எதிர் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஒருவர் முகத்தில் சோடாவை அடித்தார். இன்னொருவர், "சுகர் இறங்கியிருக்கும்" என்று ஒரு முழு பிஸ்கட்டை என் வாயில் திணித்தார்.

"நான் போட்டோ எடுக்கிறேங்க" என்றேன், பிஸ்கட்டோடு.

"ஆமாம்மா, எடுக்கலாம்மா, எல்லாம் எடுக்கலாம்" என்று சோடாக்காரர் என் தலையைத் தடவினார்.

இருந்தாலும் தொழில் வந்துவிட்டது. ஆறேழு மாதத்தில், காரைப் பார்க்கும்படியாக எடுப்பவள் என்று ஊருக்குள் கொஞ்சம் பேர் கிடைத்தது. அந்தப் பேரை நம்பித்தான் பாய் ஒருவர் வந்தார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். வளைகுடாவில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருபத்தேழு வருடம் வேலை பார்த்துவிட்டு, பழைய டவுனில் இருக்கும் தன் வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பியிருந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். பாய் உட்காரவில்லை. போனை எடுத்து ஒரு காரின் படத்தைக் காட்டினார். பழைய காலத்து வண்டி. வட்ட ஹெட்லைட், குண்டு முதுகு, வெளிறிய பச்சை.

"என் வண்டிம்மா. வாழ்க்கையில மொதல் தடவையா என் பேர்ல ஒரு வண்டி. இது ரோட்டுல ஓடற மாதிரி, நான் ஓட்டுற மாதிரி ஒரு போட்டோ வேணும். மரமெல்லாம் பின்னாடி பறக்கணும்."

"எடுத்திடலாம் பாய். எங்க ஓட்டுறீங்க?"

பாய் மனைவியைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு" என்றார் பாய். "எஞ்சின் இல்லை."

"ரிப்பேரா?"

"ரிப்பேர்னா எஞ்சின் இருக்கும்ல. இது இல்லவே இல்லை. மெக்கானிக் இறக்கி எடுத்துட்டுப் போயிட்டான். ஏதோ ஒரு சாமான் கிடைக்கணுமாம். மூணு மாசமா இன்ஷா அல்லாஹ் இன்ஷா அல்லாஹ்னு நான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிக்கிட்டிருக்கான்."

மீதியை அவர் மனைவிதான் சொன்னார். அங்கே அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஊருக்குப் போனதும் சொந்த வண்டியில் போகிறபோது ஒரு போட்டோ அனுப்புகிறேன் என்று பாய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் யாராவது, 'வண்டி எங்கே?' என்று கேட்கிறார்கள். "இவங்க ரெண்டு மாசமா ரோடு சரியில்லை, மழைன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. திருச்சியில ஏதும்மா மழை?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்டது முடியக்கூடிய காரியம். ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்கு நொடி மட்டும் திறந்தால், பறக்கும் காரும் படத்தில் நின்றுபோகும். அதையே கால் நொடி திறந்து வைத்து, கார் போகும் வேகத்திலேயே கேமராவையும் கூடவே திருப்பிக்கொண்டு வந்தால், கார் தெளிவாக இருக்கும், பின்னால் இருக்கும் மரமும் வேலியும் கோடு கோடாக இழுபடும். பேனிங் என்பார்கள். கார் ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்தாலே போதும்.

"நகருமா பாய்? பிரேக் இருக்கா?"

"ஸ்டீயரிங், பிரேக், ஹாரன் எல்லாம் பர்ஸ்ட் கிளாஸ். எஞ்சின்தான் இல்லை."

பின்னாலிருந்து தள்ளினால் தள்ளுகிறவர்கள் படத்தில் விழுவார்கள். கயிறு கட்டி இழுத்தால் கயிறு தெரியும். ஆகவே சரிவு வேண்டும். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரை மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சாலை எனக்குத் தெரியும். செங்குத்தாக இல்லாமல் பதமான சரிவு, ஒரு பக்கம் வரிசையாகத் தென்னை. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் எடுப்பது என்று முடிவானது.

அன்று காலை பாயின் மச்சான்கள் இருவர் ஒரு லோடு வண்டியில் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் என் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன். காவேரிப் பாலம் முழுக்க பாய் அந்த எஞ்சின் இல்லாத காரில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, மிகுந்த பொறுப்போடு வந்தார். திருப்பத்தில் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினார். ஓர் இடத்தில் ஹாரனும் அடித்தார். முன்னால் போன லோடு வண்டி பயந்து ஒதுங்க, கயிற்றோடு அவரும் ஒதுங்கினார்.

கரைமேல் கயிற்றை அவிழ்த்தோம். பாயின் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அவரிடம், படத்தில் பாய் மட்டும் இருந்தால் போதுமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"இருபத்தேழு வருஷம் இவங்க வண்டி ஓட்டுற சத்தத்தை போன்லதான் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை நூறுக்கு இறக்கினேன். கால் நொடி திறந்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் ஒளி நுழையும் வாயான அபர்ச்சரைச் சுருக்கி, லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டினேன். சாலையின் எதிர்ப்பக்கம் காலை அகட்டி நின்று, இடுப்பை மட்டும் திருப்பிப் பழகிக்கொண்டேன். மச்சான்கள் ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தென்னைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். கார் மெல்ல உருண்டது.

அவ்வளவு அமைதியாக ஒரு கார் வந்து நான் பார்த்ததில்லை. டயர் மண்ணில் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கூடவே திரும்பி நான்கைந்து படம் எடுத்தேன். எல்லாமே கலங்கல். மறுபடி மேலே தள்ள வேண்டும்.

வாடகைக்கு எடுத்த லோடு வண்டி, வெயில் ஏறும்போது திரும்பி வருவதாகச் சொல்லிப் போயிருந்தது. சரிவில் இறங்கிய காரை ஏற்றுவதற்கு மச்சான்கள் இருவரும் நானும் போதவில்லை. கொள்ளிடத்தில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். பிறகு, யாரும் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். தேர் வடம் பிடித்துப் பழகிய கைகள். ஒருவர் "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, எல்லாரும் "கோவிந்தா!" என்றார்கள், கார் சட்டென்று மேலே ஏறியது. உள்ளே இருந்த பாய் இறங்கி உதவ நினைத்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்து நேராக உட்கார்ந்துகொண்டார். "மாஷா அல்லாஹ், என்னா பவரு!" என்றார் ஒரு மச்சான்.

இரண்டாவது முறையும் கலங்கல். மூன்றாவது முறை கார் பாதி வரும்போது என் படத்துக்குள் ஒரு பெரியவர் வந்துவிட்டார். எழுபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், பஞ்சகச்சம், கான்வாஸ் ஷூ. கையை வீசிக் காரின் பக்கத்திலேயே, காரின் முன் கதவுக்கு நேராக நடந்து வந்துகொண்டிருந்தார். கார் வேகமும் அவர் வேகமும் ஒன்றாக இருந்தது.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க! படம் எடுக்கிறோம்!"

"நிக்கப்படாதும்மா. நாப்பது நிமிஷம் நிக்காம நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நின்னா மொதல்லேர்ந்து நடக்கணும்."

"அப்படின்னா கொஞ்சம் மெதுவா நடங்க, வண்டி முன்னாடி போயிடட்டும்!"

"வண்டியை வேகமாப் போகச் சொல்லுங்கோ. நான் போற வேகத்துக்குக்கூட வராதுன்னா அது என்ன வண்டி?"

இதைக் கேட்டு பாய் ஜன்னல் வழியாக, "எஞ்சின் இல்லைங்க ஐயா" என்றார் மரியாதையாக.

"அப்படியா? எனக்கும் போன வருஷம் ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கா. பெருமாள் அனுக்கிரகம், ஓடிண்டிருக்கு" என்றார் பெரியவர். இருவரும் பேசிக்கொண்டே சரிவின் அடிவரை போய்ச் சேர்ந்தார்கள். நான் கோபத்தில், அவர்களோடு திரும்பியபடி, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

நான்காவது முறை தள்ள ஆள் இல்லை. குளித்துவிட்டு வந்தவர்கள் சாமி பார்க்கப் போய்விட்டார்கள். வெயிலும் ஏறிவிட்டது. எடுத்தது போதும் என்று கிளம்பினோம்.

ஸ்டுடியோவுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் படம். முப்பத்தேழு கலங்கல். ஒன்றே ஒன்று, நான் இதுவரை எடுத்த கார் படங்களிலேயே சிறந்தது. பச்சைக் கார் கத்தி மாதிரித் தெளிவு. சக்கரம் சுழன்று வட்டமாகிவிட்டது. தென்னை வரிசை முழுக்கப் பச்சையும் பழுப்புமாகக் கோடுகளாகப் பறக்கிறது. நூற்றிருபது கிலோமீட்டர் வேகம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஸ்டீயரிங்கில் பாய், அருகில் முக்காட்டோடு அவர் மனைவி. முன் கதவுக்குப் பக்கத்தில், அதே நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில், பெரியவர் நடக்கிறார். காரோடு சமமாக வந்ததால் அவரும் தெளிவாக விழுந்திருந்தார். திருமண்ணின் விளிம்புகூடத் தெரிந்தது. கால்கள் மட்டும் புகை. முகத்தில் சிறிதும் அவசரம் இல்லை. காருக்குள் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

பாயும் மனைவியும் சாயங்காலம் வந்து பார்த்தார்கள். "பெரியவரைக் கம்ப்யூட்டர்ல எடுத்திடலாம் பாய், ஒரு ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

பாய் திரையில் பெரியவரை விரலால் மறைத்துப் பார்த்தார். "எடுத்துட்டா அந்த இடத்துல என்ன இருக்கும்?"

"கதவும் தென்னையும் இருக்கிற மாதிரி செஞ்சிடலாம்."

"அப்ப அது பொய் ஆயிடும்ல" என்றார், எஞ்சின் இல்லாத காரின் சொந்தக்காரர். "இவர் நிசமாவே நடந்தாரும்மா."

அன்றே குழுவில் அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் அங்கிருந்து குரல் செய்திகள் வர ஆரம்பித்தன. மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்து ஒவ்வொன்றாக எனக்குப் போட்டுக் காட்டினார். யாரும் காரைப் பற்றிப் பேசவே இல்லை. "அண்ணே, அந்தப் பெரியவர் யாரு?" "அண்ணே, ஸ்பீடோமீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?" "பாய், அவர் என்ன சாப்பிடுறார்னு கேட்டு அனுப்புங்க." ஒருவர் மட்டும் கணக்குப் போட்டிருந்தார். தென்னையின் கோடுகள் இவ்வளவு நீளம் இழுபட்டிருப்பதால் வேகம் நூறுக்குக் குறையாது என்று அடித்துச் சொன்னார். அவர் லாரி டிரைவராம்.

பாய்க்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி சொன்னார். காலையில் பாய் உண்மையைச் சொல்லிவிட்டார். எஞ்சின் மெக்கானிக்கிடம் இருக்கிறது, வண்டி சரிவில் உருண்டது, பெரியவர் சாதாரணமாகத்தான் நடந்தார், எல்லாம் கேமராவின் வேலை என்று நான்கு நிமிட நீளத்தில் ஒரு குரல் செய்தி. பானெட்டைத் திறந்து உள்ளே இருந்த வெற்றிடத்தையும் படம் எடுத்து அனுப்பினார்.

ஒருவர்கூட நம்பவில்லை. "அண்ணன் எப்பவும் இப்படித்தான், பெருமையே அடிக்க மாட்டாரு" என்றார்கள். அரபி வீட்டிலேயே சிறந்த டிரைவர் அவர்தான், ஆனால் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று ஒருவர் பழைய கதையெல்லாம் எடுத்துவிட்டார். பாய் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா மகிழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் பெரியவர் என் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கவில்லை. சரிவில் தள்ளின மச்சான்களிடம் என் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டு வைத்திருந்தாராம்.

"எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடும்மா. டாக்டர் நான் சரியா நடக்கறதில்லைன்னு ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கார். ஒரு சாட்சி வேணும்."

பெரிய சைஸில் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துச் சத்திரத்தில் அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், இந்த வயசுல இவ்வளவு வேகம் ஆகாது, பாதியாக் குறைச்சுக்கோங்கோன்னுட்டார்" என்றார். குரலில் அப்படி ஒரு நிறைவு. நான் கேமராவைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் பஸ் வந்துவிட்டது.

எஞ்சின் சித்திரையில் வந்தது. பாய் போன் செய்து, நான் எங்கே இருந்தாலும் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். என் வீடு திருவெறும்பூரில். ஸ்டுடியோவை மூடும் நேரத்துக்கு வந்து, வீடுவரை கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி அதிர்ந்தது, இருமியது, ஆனால் போனது. மரமெல்லாம் பின்னால் போனதா என்று தெரியவில்லை. தஞ்சாவூர் ரோட்டில் அந்த நேரத்துக்கு எங்கள் முன்னால் இரண்டு பஸ், ஒரு டிராக்டர்.

எட்டு லேன் சாலையில் இருபத்தேழு வருடம் ஓட்டியவருக்கு, முன் சீட்டிலிருந்து அவர் மனைவி பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"பஸ்சு வருது பாருங்க."

"பார்த்துட்டேன்."

"கொஞ்சம் ஓரமாப் போங்க. இம்புட்டு வேகம் எதுக்கு?"

"இருபதுலதான் போறேன்."

"இருபது போதாதா மனுசனுக்கு?"

பாய் பதினெட்டுக்கு இறங்கினார். டிராக்டர் எங்களை விட்டுப் போய்விட்டது. அரபி வீட்டில் எத்தனை வருடம் யாரும் பேசாமல் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள் என்று அவர் முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது ஒவ்வொரு அதட்டலுக்கும் அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை.

நான் கேமராவை வெளியே எடுத்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஐஎஸ்ஓவை ஆறாயிரத்துக்கு மேல் ஏற்றி, பின்னாலிருந்து இரண்டு தலைகளையும், நடுவில் கண்ணாடி வழியே தெரிந்த பஸ்ஸின் சிவப்பு விளக்கையும் ஒரு படம் எடுத்தேன். மறுநாள் பிரிண்ட் போட்டு அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பாய் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவர் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"யாரும்மா இது? மூஞ்சியே தெரியலையே, ஒரே புள்ளி புள்ளியா இருக்கு" என்றார். "சீரங்கத்துல எடுத்தது மாதிரி எடுக்கக் கூடாதா?"

டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.